ட்ரஃபால்கர் சதுக்கத்துத் திண்ணை: செயின்ட் மார்ட்டின் ஆலயத்தைப் பார்க்கும் முறை

சென்னையிலிருந்து உறவினர் யார் லண்டனுக்கு வந்தாலும் ஊர் சுற்றிக் காட்டும் வேலை என் தலையில்தான் விழும். மகளும் மாப்பிள்ளையும் காலையிலேயே வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். வீட்டில் சும்மா இருப்பவன் நான் ஒருவன். பொதுப்பணித்துறையில் 32 ஆண்டுகள் வரைவாளராக இருந்து ஓய்வு பெற்றவன். தாலுகா அலுவலகம், ஆரம்பச் சுகாதார நிலையம், பயணியர் மாளிகை என்று எத்தனையோ கட்டடங்களின் பிளானையும் எலிவேஷனையும் டிரேசிங் தாளில் இழுத்த கை இது. அதனால் என்னோடு வருகிறவர்களுக்கு ஒரு தண்டனை உண்டு. அரண்மனை, பெரிய ராட்டினம், மெழுகுச் சிலை எல்லாவற்றையும் சனிக்கிழமை மாப்பிள்ளை காட்டிக்கொள்ளட்டும். என் கணக்கில் ஒரே கட்டடம், அரை நாள்: ட்ரஃபால்கர் சதுக்கத்தின் வடகிழக்கு மூலையில் நிற்கும் செயின்ட் மார்ட்டின்-இன்-த-ஃபீல்ட்ஸ் ஆலயம்.

இந்தப் பெயரைத் தமிழில் சொன்னால் 'வயல்வெளி மார்ட்டின் கோயில்'. 1222ஆம் ஆண்டு ஆவணத்திலேயே இங்கே ஓர் ஆலயம் இருந்ததற்குக் குறிப்பு உண்டு. அந்தக் காலத்தில் கிழக்கே லண்டன் நகரம், தென்மேற்கே வெஸ்ட்மின்ஸ்டர். இரண்டுக்கும் நடுவே உண்மையாகவே வயல்தான். இன்று நாலு புறமும் பஸ் ஓடுகிறது. பெயர் மட்டும் மாறவில்லை. நம் ஊர் தோப்புத் தெருவில் ஒரு தென்னையும் இல்லாத கதைதான்.

எப்போது போவது? வார நாளில், காலை பதினொரு மணி சுமாருக்கு. கிளம்புவதற்கு முன் அன்றைய நிகழ்ச்சி நிரலைக் கண்டிப்பாகப் பார்த்துவிடுங்கள். இது அருங்காட்சியகம் அல்ல, வேலை நடக்கும் ஆலயம். ஆராதனை, திருமணம், நினைவுக் கூட்டம், இசை ஒத்திகை என்று ஏதாவது ஒன்று இருந்தால் பார்வையாளர்கள் காத்திருக்க வேண்டும். ஒருமுறை மன்னார்குடியிலிருந்து வந்த ஆறு பேரை, இரண்டு குழந்தைகள் உள்பட, பெருமையாக அழைத்துக்கொண்டு போனேன். அன்று யாருக்கோ நினைவு ஆராதனை. ஒன்றரை மணி நேரம் தூறலில் நின்றோம். பார்க்காமல் போனது என் தவறு. அந்த வீட்டு அம்மாள் அதை இன்றுவரை மறக்கவும் இல்லை, மறக்கவிடவும் இல்லை. நுழைவுக் கட்டணம் கிடையாது. உண்டியல் இருக்கிறது, போடுங்கள்.

இனி முறைக்கு வருகிறேன். முதல் விதி: போனவுடன் உள்ளே நுழையாதீர்கள்.

நேஷனல் கேலரிக்கு முன்னால் உள்ள அகலமான மேடைக்குப் போய் நின்று, ஆலயத்தின் முகத்தைப் பாருங்கள். உச்சியில் இலைக் கொத்து செதுக்கிய ஆறு பெரிய கொரிந்தியத் தூண்கள், அவற்றின் மேல் முக்கோண முகடு, அதற்குப் பின்னால் 192 அடி உயரத்துக்கு எழும் ஊசிக் கோபுரம். முகப்பு ரோமானியக் கோயில் போல, கோபுரம் ஆங்கிலக் கிராமத்து ஆலயம் போல. இரண்டையும் ஒரே உடம்பில் சேர்த்தவர் ஜேம்ஸ் கிப்ஸ். ஸ்காட்லாந்தின் அபர்டீனில் பிறந்தவர், கத்தோலிக்கர், ரோமில் கார்லோ ஃபொன்டானா என்ற கட்டடக் கலைஞரிடம் தொழில் படித்தவர். ஆங்கிலிக்கன், அதாவது இங்கிலாந்துத் திருச்சபையின், ஆலயத்தைக் கத்தோலிக்கர் கட்டினாரா என்று புருவத்தை உயர்த்த வேண்டாம். நல்ல ஸ்தபதி கிடைத்தால் யாரும் ஜாதகம் கேட்பதில்லை. 1722இல் அடிக்கல் நாட்டி, 1726இல் பிரதிஷ்டை. மொத்தச் செலவு 33,661 பவுன்.

முதல் நாள் இதைப் பார்த்தபோது எனக்கு எழுந்த கேள்வி ஒன்றுதான்: இந்தக் கோபுரம் எதன் மேல் நிற்கிறது? இவ்வளவு கனம் கூரையின் முதுகில் ஏறி உட்கார்ந்திருப்பது போலத் தெரியும். கட்டிய காலத்திலிருந்தே இதைக் குறை சொன்னவர்கள் இருக்கிறார்கள். விடை உள்ளே இருக்கிறது. கோபுரத்தின் சுவர்கள் முகமண்டபத்தை ஒட்டிப் பின்னால், கட்டடத்தின் மேற்குச் சுவருக்கு உள்பக்கமாக, நேரே தரை வரை இறங்குகின்றன. வாசலைக் கடந்து ஒரு சிறு முன்னறைக்குள் போகிறீர்கள் அல்லவா, அப்போது உங்கள் தலைக்கு மேல் இருப்பது கோபுரம். நம் ஊரில் கோபுர வாசலில் நுழைவது போலத்தான். அதற்கு முன் இங்கிலாந்தில் கோபுரத்தைக் கட்டடத்தின் பக்கத்திலோ முன்னாலோ தனியாக நிறுத்துவது வழக்கம். கிப்ஸ் அதை உள்ளே இழுத்துக்கொண்டார். சரியா தப்பா என்று என்னைக் கேட்டால், முன்தோற்றம் காட்டும் எலிவேஷனில் கொஞ்சம் உறுத்தும், குறுக்கே வெட்டிக் காட்டும் செக்‌ஷனில் கனகச்சிதம் என்பேன்.

அடுத்து, முக்கோண முகட்டை உற்றுப் பாருங்கள். நடுவில் முதலாம் ஜார்ஜ் மன்னரின் அரச சின்னம். அதன் கீழே ஒரு வரி லத்தீன். போன ஆண்டு என் சம்பந்தியோடு போயிருந்தேன். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், எழுத்து எங்கே தெரிந்தாலும் படித்தாக வேண்டும். மூக்குக் கண்ணாடியைத் தூக்கிப் பிடித்து ரோமன் எண்களை ஒவ்வொன்றாகக் கூட்டி, "ஆயிரத்து எழுநூற்று இருபத்தாறு, சரிதானே சம்பந்தி?" என்றார். சரிதான். மற்ற சொற்களின் பொருளை நான் சொன்னேன்: செயின்ட் மார்ட்டினின் இந்தத் திருக்கோயிலைப் பங்கு மக்கள், அதாவது ஆலயத்தின் எல்லைக்குள் வசிப்பவர்கள், கட்டுவித்தார்கள்.

"ராஜா கட்டியதில்லையா?"

"ராஜாவின் சின்னம் மேலே இருக்கிறது. கட்டியவர்கள் என்று எழுதியிருப்பது ஊர்க்காரர்களை."

அவர் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். நீங்களும் மனத்தில் எழுதிக்கொள்ளுங்கள். உள்ளே போனதும் தேவைப்படும்.

சாலையைக் கடந்து அருகில் வந்ததும் கல்லைத் தொட்டுப் பாருங்கள். போர்ட்லண்ட் கல், ஒருவகைச் சுண்ணாம்புக்கல். கிட்டே போய்ப் பார்த்தால் கடற்சிப்பித் துண்டுகள் தெரியும். மழை நேரே படும் இடம் வெளுத்திருக்கும். விளிம்புக்குக் கீழே மழை எட்டாத இடத்தில் லண்டனின் பழைய கரிப்புகை கறுப்பாகத் தங்கியிருக்கும். யாரும் தூரிகை எடுக்காமலே கட்டடத்துக்கு ஷேடிங் போட்டது போல. நாங்கள் ஒரு காலத்தில் இந்த நிழலை இந்தியன் இங்க்கில் மணிக்கணக்காகத் தீட்டியிருக்கிறோம். பிறகு பக்கவாட்டுக்குப் போய் ஜன்னல்களைப் பாருங்கள். ஒவ்வொரு ஜன்னலின் சட்டத்திலும் கல் கட்டிகள் ஒன்று விட்டு ஒன்றாகத் துருத்திக்கொண்டிருக்கும். இந்த வேலைக்கே கிப்ஸின் பெயரை வைத்துவிட்டார்கள். ஜன்னல்கள் கீழும் மேலுமாக இரண்டு வரிசை. ஏன் இரண்டு என்பதற்கும் உள்ளே விடை உண்டு: பக்கங்களில் மேல்மாடம் இருக்கிறது, அங்கே உட்காருகிறவர்களுக்கும் வெளிச்சம் வேண்டும்.

இப்போது முகமண்டபத்தின் படிகளில் உட்காருங்கள். கால் மணி நேரமாவது. இதைத்தான் பலரும் செய்வதில்லை. செய்யாவிட்டால் இந்த ஆலயம் புரியாது.

நான் இதைத் திண்ணை என்றுதான் சொல்கிறேன். எங்கள் தாத்தா வீட்டுத் திண்ணையில் வீட்டுக்காரர் உட்கார்ந்து நான் பார்த்தது குறைவு. வழிப்போக்கர், கிளி ஜோசியர், பஸ் தவறவிட்டவர், மழைக்கு ஒதுங்கியவர்: திண்ணை அவர்களுக்கானது. இங்கும் அப்படியே. சாண்ட்விச் சாப்பிடும் அலுவலகப் பெண், வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்த சுற்றுலாப் பயணி, தூங்கும் பையைச் சுருட்டி நாய்க்குத் தலையணையாக வைத்திருக்கும் ஒருவர். இந்தக் கடைசி நபரை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு நம்மவர்கள் கைப்பையை இறுக்கிக்கொள்வார்கள். வேண்டாம். அவர் உங்களைவிடப் பழைய வாடிக்கை.

படியில் உட்கார்ந்திருக்கும்போது கதை சொல்ல வசதி. மார்ட்டின் யார்? ரோமானியப் படைவீரர். குளிரில் நடுங்கிய பிச்சைக்காரனைப் பார்த்ததும் தன் மேலங்கியை வாளால் இரண்டாக வெட்டிப் பாதியைக் கொடுத்தவர் என்பது மரபுக் கதை. முல்லைக்குத் தேர் கொடுத்த பாரியைப் படித்த நமக்கு இது அந்நியமாகத் தோன்றாது. பாரி முழுத் தேரையும் கொடுத்துவிட்டான் என்று சம்பந்தி சேர்த்துக்கொண்டார். லண்டன் குளிரில் முழு மேலங்கியையும் கொடுத்தால் இரண்டு பேரும் அல்ல, ஒருவர்தான் பிழைப்பார் என்றேன். தலைமையாசிரியரிடம் ஜெயித்த ஒரே வாதம் அது.

இன்னொரு கதை, இந்தப் படிகளோடு நேரே சேர்ந்தது. 1914இல் டிக் ஷெப்பர்டு என்ற ஆயர் இங்கே பொறுப்பேற்றார். முதல் உலகப் போர் தொடங்கிவிட்டது. கூப்பிடு தூரத்தில் சேரிங் கிராஸ் ரயில் நிலையம். பிரான்ஸ் போர்முனைக்குப் போகும் வீரர்களும் வரும் வீரர்களும் அங்கே ஏறி இறங்கினார்கள். இரவில் போக்கிடம் இல்லாமல் நின்றவர்களுக்கு ஷெப்பர்டு ஆலயத்தைத் திறந்துவிட்டார். கதவைப் பூட்டுவதில்லை என்பது கொள்கையாகவே ஆயிற்று. அதே ஷெப்பர்டு காலத்தில், 1924 ஜனவரி 6 அன்று, இங்கிருந்துதான் பி.பி.சி. முதன்முதலாக ஓர் ஆலய ஆராதனையை வானொலியில் ஒலிபரப்பியது. ஆலயத்துக்கு வர முடியாத நோயாளிகளும் முதியவர்களும் கேட்கட்டும் என்பது அவர் எண்ணம். சக ஆயர்கள் பலர் முகம் சுளித்தார்களாம். திண்ணையை வானொலி வழியாக நீட்டியது போலத்தான் எனக்குப் படுகிறது.

எழுந்திருக்கும் முன் வாசலருகே உள்ள கல்லைப் பாருங்கள். பெரிய போர்ட்லண்ட் கல் பாளம். அதன் தலையில், தொப்புள் கொடியோடு அப்போதுதான் பிறந்த குழந்தை. மைக் சாப்மன் என்ற சிற்பி 1999இல் செதுக்கியது. எடை நாலரை டன். கல்லின் பெரும்பகுதியை முரடாகவே விட்டுவிட்டு, குழந்தையை மட்டும் இழைத்திருக்கிறார். அந்தக் குட்டி விரல்களைத் தொடத் தோன்றும். குழந்தைகளைக் கூட்டிப் போனால் அவர்கள் இங்கேயே நின்றுவிடுவார்கள், கவனம்.

படியில் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. சதுக்கத்துப் புறாக்களுக்குப் பருக்கை மட்டும் போட வேண்டாம். அங்கே அதற்குத் தடை.

இப்போதும் மேலே போக வேண்டாம். கீழே.

ஆலயத்தின் வடக்குப் பக்கத்தில் வட்டமான கண்ணாடி மண்டபம் ஒன்று தெரியும். அதில் படியும் மின்தூக்கியும் இருக்கின்றன. முட்டிவலிக்காரர்கள் கவலைப்பட வேண்டாம். 3.6 கோடி பவுன் செலவில் நடந்து 2008இல் முடிந்த பெரிய புதுப்பிப்பில் வந்தது இது. அந்த வேலைக்காகத் தோண்டியபோது 2006இல் ஒரு ரோமானியக் கல் சவப்பெட்டி கிடைத்தது, உள்ளே எலும்புக்கூடு. காலம் ஏறக்குறைய கி.பி. 410. ரோமானியர் லண்டனை விட்டுப் போன சமயம். வயலுக்கும் முந்தைய கதை.

கீழே நிலவறை. செங்கல் வளைவுகள், கட்டைகுட்டையான கல் தூண்கள், காலடியில் கல்லறைப் பலகைகள். அந்தப் பலகைகளின் மேல் மேசை நாற்காலி போட்டு உணவகம் நடத்துகிறார்கள். சுடுகாட்டில் சாப்பாடா என்று ஒரு பெரியம்மா வாசலிலேயே நின்றுவிட்டார். அவருக்கு நான் சொன்ன பதில்: பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இங்கே அடக்கம் செய்வதை நிறுத்திச் சவப்பெட்டிகளை அப்புறப்படுத்திவிட்டார்கள். ஜான் ஹண்டர் என்ற புகழ்பெற்ற அறுவை மருத்துவர்கூட 1793இல் இங்கேதான் வைக்கப்பட்டார். 1859இல் வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்துக்கு மாற்றப்பட்டார். அம்மா சமாதானமாகி, ஆப்பிள் பண்டம் ஒன்றுக்குச் சூடான கஸ்டர்டு ஊற்றிச் சாப்பிட்டார். இரண்டாவது முறையும் கேட்டார்.

உணவை நீங்களே தட்டில் எடுத்துக்கொண்டு பணம் கட்ட வேண்டும். கழிவறையும் இந்தத் தளத்தில்தான். வயதானவர்களோடு ஊர் சுற்றுகிறவர்கள் இதை அடிக்கோடிட்டுக் கொள்ளவும். 1980களின் பிற்பகுதியில் ஆலயம் கையில் காசில்லாமல் தத்தளித்தபோது, இப்படி உணவகம், கடை, கச்சேரி என்று தொழில் தொடங்கினார்கள். கோயிலில் வியாபாரம் என்று முணுமுணுத்தவர்கள் இருந்தார்கள். பிரசாத ஸ்டால் பார்த்து வளர்ந்த எனக்கு அதில் அதிர்ச்சி இல்லை. காசு எங்கே போகிறது என்பதுதான் கேள்வி. அதற்குச் சற்று நேரத்தில் வருகிறேன்.

நிலவறையில் தவறவிடக்கூடாத ஆள் ஒருவர்: ஹென்றி கிராஃப்ட். உயரத் தொப்பி, வால் கோட், உடம்பு முழுக்க முத்துச்சிப்பிப் பொத்தான். சிலையைப் பார்த்தால் எந்த நாட்டு ஜமீன்தாரோ என்று நினைப்பீர்கள். அனாதை இல்லத்தில் வளர்ந்து லண்டன் வீதியைப் பெருக்கியவர். தெருவில் விழுந்த பொத்தான்களைப் பொறுக்கிச் சேர்த்து உடையெல்லாம் தைத்துக்கொண்டு, மருத்துவமனைகளுக்காக நன்கொடை திரட்டினார். முத்து ராஜாக்கள், முத்து ராணிகள் என்று லண்டன் உழைப்பாளிகளிடையே இன்றும் தொடரும் மரபு இவரிடமிருந்து கிளம்பியது. 1930இல் இறந்தார். கல்லறைத் தோட்டத்தில் இருந்த சிலையைச் சேதப்படுத்தினார்கள் என்பதால் 2002இல் இங்கே பாதுகாப்பாகக் கொண்டுவந்து வைத்தார்கள். கல் பொத்தான்களை அருகே போய்ப் பாருங்கள். சிற்பி ஒன்றையும் ஏமாற்றவில்லை.

இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சுக்கு அஞ்சி மக்கள் ஒளிந்ததும் இதே வளைவுகளின் கீழ்தான். ஆலயத்தின் தரைக்கு மேலே அரசர், கடற்படை என்று பேசலாம். தரைக்குக் கீழே எப்போதும் இன்னொரு கூட்டம் இருந்திருக்கிறது. அதனால்தான் முதலில் கீழே என்கிறேன்.

சரி, மேலே போகலாம். நம்மவர்களுக்குச் சில குறிப்புகள். செருப்பைக் கழற்ற வேண்டியதில்லை. வாசலில் குனிந்து கழற்றப் போன மூன்று பேரை நான் தடுத்திருக்கிறேன். ஆண்கள் தொப்பியை எடுத்துவிடுவது மரியாதை. பெண்கள் தலையில் முக்காடு போடத் தேவையில்லை. யாராவது பிரார்த்தனையில் இருந்தால் படம் எடுக்காதீர்கள். நுழைந்ததும் நேராக முன்னே நடந்துவிடாமல், பாதித் தூரத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து முதுகைச் சாய்த்துக்கொள்ளுங்கள். நின்றபடி அண்ணாந்து பார்த்தால் கழுத்து போய்விடும்.

மேலே தெரிவது நீள்வட்ட வளைவுக் கூரை. அரைவட்டம் போடாமல் நீள்வட்டம் போட்டதற்குக் காரணம் ஒலி என்று கிப்ஸே எழுதியிருக்கிறார்: பேசுகிறவர் குரல் இதில் தெளிவாகக் கேட்பதை அனுபவத்தில் கண்டாராம். பூவேலை, சங்கு, மேகம், சிறகு முளைத்த குழந்தை முகங்கள் எல்லாம் சுதை. செய்தவர்கள் ஆர்ட்டாரி, பகுட்டி என்ற இரண்டு கைவினைஞர்கள்; இங்கிலாந்துக்கு வந்ததிலேயே இவர்கள்தான் சிறந்தவர்கள் என்று கிப்ஸ் சான்று கொடுத்திருக்கிறார். தலைமை ஸ்தபதி கொத்தனார் பெயரைச் சொல்வது எந்த ஊரிலும் அபூர்வம்.

பிறகு ஒரு தூணைத் தேர்ந்தெடுத்து, அதை மட்டும் கீழிருந்து மேலே படியுங்கள். அடியில் உயரமான பீடம். ஏன்? அன்று பெஞ்சுகள் பெட்டி போல உயர்ந்த பலகைச் சுவரோடு இருந்தன; பீடம் இல்லாவிட்டால் தூணின் பாதம் மறைந்துவிடும். பாதி உயரத்தில் மேல்மாடம் வந்து தூணோடு சேர்கிறது. உச்சியில் கொரிந்திய இலைக் கொத்து. அதன் மேல்தான் வேடிக்கை: தூண்களின் தலையை இணைத்து நீளமாக ஓட வேண்டிய உத்தரத்தை வெட்டி, ஒவ்வொரு தூணுக்கும் ஒரு சதுரத் துண்டு மட்டும் தொப்பி போல வைத்திருக்கிறார். அந்தத் தொப்பியிலிருந்து வளைவு கிளம்புகிறது. இதனால் தூண்களுக்கு இடையே வெளிச்சம் தடையில்லாமல் வருகிறது. சம்பந்தி தூங்கிவிட்டாரோ என்று திரும்பிப் பார்த்தேன். இல்லை, வேறொன்றை யோசித்துக்கொண்டிருந்தார்.

"இங்கே சாமி எங்கே இருக்கிறது சம்பந்தி?"

நியாயமான கேள்வி. சிலையோ கருவறையோ இல்லை. கிழக்கே திருப்பீடம் என்னும் மேசை. அதற்குப் பின்னால் ஜன்னல். அந்த ஜன்னலைக் காட்டினேன். பழைய கண்ணாடி போரில் உடைந்துபோனது. இப்போது இருப்பது ஈரானில் பிறந்த ஷிராசே ஹௌஷியாரி, பிப் ஹார்ன் என்பவரோடு சேர்ந்து 2008இல் அமைத்தது. வண்ணம் இல்லை, உருவம் இல்லை. தெளிந்த கண்ணாடியில் கம்பிக் கட்டங்கள். நடுவில் சாய்ந்த ஒரு நீள்வட்டம். அதைச் சுற்றிக் கம்பிகள் வளைந்து விலகுகின்றன. தண்ணீரில் ஒரு சிலுவையின் பிம்பம் அலைவது போல இருக்கும். சம்பந்தி ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "சிதம்பரத்தில் திரையை விலக்கிக் காட்டுவார்களே, அது மாதிரி" என்றார். எனக்கு அது தோன்றியிருக்கவில்லை.

திருப்பீடத்தின் இரு பக்கமும் மேலே நாடகக் கொட்டகை மாடம் போன்ற இரண்டு அறைகள் உண்டு. ஒன்று அரச குடும்பத்துக்கு, மற்றது கடற்படைத் தலைமைக்கு. பக்கிங்ஹாம் அரண்மனை இந்தப் பங்கின் எல்லைக்குள் இருக்கிறது. முதலாம் ஜார்ஜ் இங்கே ஆலயக் காப்பாளராகவே பெயர் கொடுத்திருந்தார். நான் போன நாட்களில் இரண்டு மாடமும் காலி. ஆனால் பின் பெஞ்சு எப்போதும் காலி இல்லை. அன்றும் ஒருவர் கோட்டைப் போர்த்திக்கொண்டு குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். முன்னால் நாலு பேர் வயலின் ஒத்திகை பார்த்தார்கள். "எழுப்ப மாட்டார்களா?" என்று சம்பந்தி காதோரம் கேட்டார். பணியாளர் ஒருவர் அந்தப் பக்கம் வந்தார். தூங்கியவரின் காலடியில் கிடந்த பையை, யார் காலிலும் தட்டாதபடி, பெஞ்சுக்கு அடியில் தள்ளி வைத்துவிட்டுப் போனார்.

இங்கேதான் காசு எங்கே போகிறது என்ற கேள்விக்கு விடை. பக்கத்துக் கட்டடத்தில் 'தி கனெக்‌ஷன்' என்ற அமைப்பு, வீடின்றித் தெருவில் படுப்பவர்களுக்காக இயங்குகிறது. ஷெப்பர்டு காலத்திலிருந்து வரும் வேலையின் தொடர்ச்சி அது. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் பி.பி.சி. வானொலியில் இந்த ஆலயத்தின் பெயரால் நிதி திரட்டுகிறார்கள். வீடற்றோருக்கான 'ஷெல்ட்டர்' இயக்கம் 1966 டிசம்பர் 1 அன்று தொடங்கப்பட்டதும் இங்கேதான். நவம்பரில் ஓர் ஆராதனை நடக்கும்: அந்த ஆண்டு லண்டனில் வீடில்லாமல் இறந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிப்பார்கள். நான் ஒருமுறை போனேன். சிலருக்கு முழுப் பெயர் இல்லை, கூப்பிடும் பெயர் மட்டும். வாசித்து முடிக்க நேரமாயிற்று.

இந்தச் சமூகத்தை நேரில் பார்க்க வேண்டுமென்றால் ஞாயிறு காலை ஆராதனைக்குப் போங்கள். கிறிஸ்தவர் அல்லாதவரும் உட்காரலாம், யாரும் கேள்வி கேட்பதில்லை. கையில் தாள் கொடுப்பார்கள்; எழுந்து நிற்கச் சொல்லும் இடத்தில் நின்றால் போதும். திருவிருந்துக்கு, அதாவது அப்பமும் ரசமும் வாங்க, எல்லோரும் முன்னே போகும்போது நீங்கள் இடத்திலேயே இருக்கலாம். போக விரும்பினால், கைகளை மார்பின் குறுக்கே வைத்துக்கொண்டால் அப்பத்துக்குப் பதிலாக ஆசீர்வாதம் தருவார்கள். பிற்பகலில் சீனச் சபையின் ஆராதனை, கான்டனீஸ் மொழியிலும் மாண்டரின் மொழியிலும். பக்கத்திலேயே சைனாடவுன், பல ஆண்டுகளாக அவர்களுக்கும் இதுவே ஆலயம். மதியக் கச்சேரி இருக்கும் நாளில் போனால் கிப்ஸின் நீள்வட்டக் கூரை சொன்னபடி வேலை செய்கிறதா என்று காதால் சோதிக்கலாம். நெவில் மாரினரின் புகழ்பெற்ற இசைக்குழு 1950களின் இறுதியில் இங்கிருந்துதான் கிளம்பி, ஆலயத்தின் பெயரையே உலகெங்கும் எடுத்துப் போனது.

வெளியே வரும்போது பிற்பகல் ஆகியிருக்கும். வாசல் மேற்குப் பார்த்தது. வெயில் இருந்தால் இப்போதுதான் முகப்பில் விழும். படம் எடுக்க வேண்டியது இந்த நேரத்தில், காலையில் அல்ல. கிழக்கு லண்டனின் ஈஸ்ட் ஹாம் பக்கம் திரும்புகிறவர்கள் சேரிங் கிராஸில் ஏறி மாற வேண்டாம். ஐந்து நிமிடம் கீழே நடந்து எம்பேங்க்மென்ட் நிலையத்தில் டிஸ்ட்ரிக்ட் ரயிலைப் பிடித்தால் நேரே வீடு.

சென்னைக்காரர்களுக்கு ஒரு வீட்டுப்பாடமும் கொடுத்து அனுப்புவேன். கிப்ஸ் தன் வரைபடங்களை 1728இல் புத்தகமாக அச்சிட்டார். அதைப் பார்த்துப் பார்த்து அமெரிக்கா முழுக்க இந்த முகப்பை நகல் எடுத்தார்கள். மதராஸுக்கும் வந்தது. கதீட்ரல் சாலைக்குப் பெயர் கொடுத்த செயின்ட் ஜார்ஜ் பேராலயம், 1815இல் கட்டப்பட்டது, இதன் தம்பி. 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை உருவானது அங்கேதான். ஆனால் நான் போகச் சொல்வது எழும்பூருக்கு. செயின்ட் மார்ட்டினுக்காகக் கிப்ஸ் முதலில் போட்ட பிளான் வட்டமானது. செலவு அதிகம் என்று தள்ளிவிட்டார்கள். விடாமல் அதையும் அதே புத்தகத்தில் அச்சிட்டார். ஏறக்குறைய நூறு ஆண்டு கழித்து, டி ஹாவிலண்ட் என்ற மதராஸ் பொறியாளர், ஸ்காட்லாந்துச் சபையாருக்காக எழும்பூரில் செயின்ட் ஆண்ட்ரூஸ் கிர்க்கை (ஸ்காட்லாந்து வழக்கில் கிர்க் என்றால் ஆலயம்) கட்டியபோது வட்டத்தைக் கையில் எடுத்தார். மண் இளக்கம் என்பதால் கிணறுகள் இறக்கி அவற்றின் மேல் அஸ்திவாரம். 1821இல் முடித்தார். உள்ளே வட்டமாகப் பதினாறு தூண்கள், மேலே நீல வானமாகத் தீட்டிய குவிமாடத்தில் பொன் நட்சத்திரங்கள். லண்டன் தள்ளிய பிளான் எங்கள் தெருக்கோடியில் நின்றது. அந்த மதில் ஓரமாகவே பள்ளிக்கூடம் போய்வந்த எனக்கு, இதைத் தெரிந்துகொள்ள ஓய்வு பெற்று லண்டன் வர வேண்டியிருந்தது.

சம்பந்தி போன மாதம் தொலைபேசியில் அழைத்தார். ஞாயிற்றுக்கிழமை கிர்க்குக்குப் போயிருக்கிறார். தூண்களை எண்ணினாராம், பதினாறு சரியாக இருந்ததாம். "நட்சத்திரத்தையும் எண்ணலாம் என்று நின்றேன் சம்பந்தி, கழுத்து பிடித்துக்கொண்டது" என்றார்.

பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்து பார்க்கச் சொல்லியிருந்தேனே என்றேன்.